நாழிகை வட்டில்

மக்கள் அளந்தறியப் புகுந்த பொருள்களுள் நிலமும் நீரும் பொன்னும் கூலமும் கைக்கு எட்டுவன; காலம் ஒன்றே கைக்கு எட்டாதது. முழக்கோலை நிலத்தின்மேற் படுத்தலாம். மரக்காலை நெல்லினுள் இடலாம். சென்ற நாழிகையை மீட்டுக் கொணர்ந்து வரும் நாழிகையின் அருகில் வைத்து ஒத்துப்பார்த்தல் எவர்க்கும் இயலாது. அங்ஙனமாகவும், காலத்தை அளக்குங் கருவிகளைப் பண்டு தொட்டு எல்லா நாட்டினரும் இயற்றியே வந்துள்ளனர். அவர் எதனை அளந்தனர், எவ்வாறு அளந்தனர், அவ்வளவையால் நம் வழிபாட்டு நெறிக்கு எய்திய நன்மையும் இடரும் யாவை என்பன சைவ நன்மக்கள் ஒருமுறை நின்று எண்ணத்தக்கன. ஆகலின் அவற்றை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

நிழலும் நீரும்

காலக்கருவிகளுள் முற்பட்டது நிழல். நட்ட கோலின் நிழல் காலையில் நீண்டு, உச்சியிற் குறுகி, மாலையில் மீண்டும் நீளும். நம் முன்னோர் இந்நிழலைக் கொண்டு பொழுதை மட்டுமன்றித் திசையையும் அறிந்தனர். அரண்மனைக்கு நூலிடுங்கால் இரண்டு கோல் நட்டு, அவற்றின் நிழல் சாயாத உச்சிப்பொழுதில் திசை வகுத்த செய்தி நெடுநல்வாடையுட் குறிக்கப்பட்டுள்ளது. திருவியலூர் என்று பதிகம் பெற்றதும், இன்று திருவிசநல்லூர் என வழங்குவதுமாகிய தலத்துச் சிவயோகநாதர் திருக்கோயில் மதிலில் அரைவட்டமாக அமைந்த கதிர்க்கடிகை ஒன்றினை இன்றுங் காணலாம்.

எனினும் நிழலுக்கு இரண்டு குறைகள் உள. முகில் மூடிய பகலில் அது தோன்றாது. இரவில் அஃது இல்லவே இல்லை. பகலவன் மறைந்த பின்னரும் காவல் மாறுதல் வேண்டும். யாமப் பூசைக்கு மணி அடித்தல் வேண்டும். இத்தேவையே நீர்க்கருவியைப் பிறப்பித்தது.

எகிப்து நாட்டில் கர்னாக் என்னுமிடத்து அமோன் கோயிலிற் கிடைத்த கல் நீர்க்கலம் ஒன்று கி.மு. 14-ஆம் நூற்றாண்டினது. அதன் அடியில் ஒரு சிறு துளை உண்டு. உட்புறத்தில் பன்னிரண்டு திங்களுக்கும் பன்னிரண்டு வேறு அளவுகள் பொறிக்கப்பட்டுள்ளன. அந்நாட்டார் இரவு நீளினும் குறுகினும் அதனைப் பன்னிரண்டாகவே வகுத்தனர்; ஆகவே அவர்தம் ஒரு பொழுதின் நீளம் திங்கள்தோறும் மாறிற்று. அக்கலமும் கோயிற் பணிக்கென்றே அமைந்தது என்பது கருதத்தக்கது. காலத்தை நுணுகி அளக்கவேண்டிய தேவை சந்தையினின்றும் பிறவாது வழிபாட்டினின்றும் பிறந்த நாடுகள் பல.

நீர் ஒழுகும் கலத்தில் ஓர் இடர் உண்டு. கலம் நிறைந்திருக்குங்கால் நீர் விரைந்து ஒழுகும். குறையக் குறைய அழுத்தங் குன்றி ஒழுக்கு மெலியும். அதனாலேயே எகிப்தியர் தம் கலத்தை மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் செய்தனர். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த கிதேசிபியசு என்பார், ஒழுகும் நீரின் மட்டம் மாறாதிருக்க மேலும் ஒரு கலத்தினின்றும் இடையறாது நீர் வார்க்கும் முறையை வகுத்தார்.

பாரத நாட்டிலும் முதலில் வழங்கியது ஒழுகு கலமே. கௌடலீயர் தம் அர்த்தசாத்திரத்தில் நாளிகைக்கு இலக்கணங் கூறுகின்றார்: நான்கு மாடம் எடையுள்ள பொன்னை நான்கு அங்குல நீளங் கம்பியாக இழைத்து, அக்கம்பியளவான துளையைக் குடத்தில் இட்டால், ஓர் ஆடக நீர் அதன் வழியே ஒழுகும் பொழுது ஒரு நாளிகை என்பது. இதன் நுட்பத்தை நோக்குக. துளையின் பருமனை நேரே அளத்தல் அரிது. பொன்னின் எடையும் கம்பியின் நீளமும் தெரியின், கம்பியின் பருமன் தானே பெறப்படும். எடைக்கல்லும் அளவுகோலும் உள்ள எந்த ஊரிலும் ஒரே துளையை ஆக்கலாம்.

வட்டிலின் அமைப்பு

பின்னர் எழுந்தது மூழ்கு வட்டில். செப்பினாற் செய்த அரைக்கோளக் கிண்ணத்தின் அடியில் நுண்ணிய துளையிட்டு, நீர் நிறைந்த அகன்ற கலத்தின்மேல் அதனை மிதக்கவிடுவர். நீர் துளை வழியே சிறிது சிறிதாக ஏறி நிரம்பியவுடன் கிண்ணம் மூழ்கும். அங்ஙனம் ஒருமுறை மூழ்குங்காலம் ஒரு நாழிகை. ஒரு பகலும் ஓர் இரவுங் கூடிய நாளில் அஃது அறுபது முறை மூழ்கும். சூரிய சித்தாந்தம் இதனைக் கூறுகின்றது. இலல்லர் என்னும் கணிதர் பத்துப் பலம் செம்பில் ஆறு அங்குல உயரமும் பன்னிரண்டு அங்குல அகலமும் உடையதாகக் கிண்ணத்தைச் செய்க என்றார். 1150-இல் சித்தாந்த சிரோமணியை இயற்றிய பாஸ்கரரோ அவ்வளவுகளை வற்புறுத்தினாரல்லர். கிண்ணம் ஒருநாளில் எத்தனைமுறை மூழ்குகின்றதென எண்ணி, அவ்வெண்ணால் நாளை வகுத்துக்கொண்டால் கிண்ணத்தின் அளவு கிடைக்கும் என்பது அவர் கருத்து. கருவியைக் கருவியால் நிறுவாது பகலவனால் நிறுவுக என்பதே இதன் பொருள்.

ஒழுகு கலத்தினும் மூழ்கு வட்டில் சிறந்தது எங்ஙனமெனின், கூறுதும். வட்டிலுள் நீர் ஏறுந்தோறும் வட்டிலும் உடன் தாழும். ஆகவே உள்நீர் மட்டத்திற்கும் புறநீர் மட்டத்திற்கும் உள்ள வேற்றுமை பெரிதும் மாறுபடுவதில்லை. அதனால் நீர் ஏறும் விரைவும் ஏறக்குறைய ஒரு தன்மையதாக நிற்கும். மேலும், மூழ்கிய கணம் ஐயத்திற்கு இடமின்றிப் புலனாகும். துளையில் மாசு அடையாமற் காத்தலும், நீர் மிகக் குளிர்ந்துவிடாமற் பேணலுமே காவலன் கடன். குளிர்ந்த நீர் துளையுட் புகுதலில் தாழ்க்கும்.

7-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாலந்தாவிற் பயின்ற சீன யாத்திரிகர் இத்சிங், அங்குள்ள பெரும் பள்ளிகளில் மன்னர் அளித்த செப்பு வட்டில்கள் இருந்தமையையும், அவற்றைக் காக்கச் சிறுவர் அமர்த்தப்பட்டமையையும், வட்டில் மூழ்குந்தோறும் முரசு அறையப்பட்டமையையும் எழுதியுள்ளார். மகாபோதியிலும் குசிநகரத்திலும் மூழ்கும் எண்ணிக்கை நாலந்தாவினின்றும் வேறாயிருந்ததென்றும் அவர் குறித்தார். ஒரே நாட்டிற்கூட வட்டில்கள் ஒத்தில என்பது இதனால் விளங்கும்.

தமிழகத்து வழக்கு

தமிழர் இக்கருவியைக் கன்னல் என்றும் நாழிகை வட்டில் என்றும் வழங்கினர். முல்லைப்பாட்டில், பாசறைக்கண் தங்கிய வேந்தற்குக் கன்னலின் அளவை நோக்கிப் பொழுது அறிவிப்போர் காட்டப்படுகின்றனர். அகநானூற்றுச் செய்யுள் ஒன்றில், முகில் சூழ்ந்து பகலவன் இருக்குந் திசையே புலப்படாத நாளிலும் கன்னலை எண்ணுவோர் மட்டும் பொழுதறிவர் என்னுங் குறிப்பு உளது. நிழற்கருவியின் குறையையும் நீர்க்கருவியின் பயனையும் அப்புலவர் ஒருங்கே உணர்ந்தமை இதனாற் பெறப்படும். சிலப்பதிகாரம் புகார் நகரத்து வாழ்ந்தோரைத் தொகுத்துக் கூறுமிடத்து நாழிகைக் கணக்கரையும் வைத்து எண்ணுகின்றது. ஆகவே பொழுதளத்தல் ஒரு தொழிலாகவே அந்நாளில் நிலைபெற்றிருந்தது.

நம் அளவை முறை வருமாறு: அறுபது தற்பரை ஒரு விநாழிகை, அறுபது விநாழிகை ஒரு நாழிகை, ஏழரை நாழிகை ஒரு யாமம், அறுபது நாழிகை ஒரு நாள். இக்காலத்து மணிக்கணக்கில் ஒரு நாழிகை 24 நிமிடம். இரண்டரை நாழிகை ஒரு மணி. எகிப்தியரும் உரோமரும் கொண்ட பொழுதுகளைப்போல இது பருவந்தோறும் நீண்டு குறுகுவதன்று. என்றும் ஒரே அளவினது. பகல் நீளின் பகலுக்குரிய நாழிகைகளின் எண் கூடும். நாழிகையின் அளவு கூடாது.

இவ்விடத்து ஓர் உண்மையைக் கருதுதல் வேண்டும். வேதாங்க சோதிடம் மிக நீண்ட பகலுக்குப் பதினெட்டு முகூர்த்தமும் மிகக் குறுகிய பகலுக்குப் பன்னிரண்டு முகூர்த்தமும் கூறும். இரண்டு நாழிகை ஒரு முகூர்த்தமாதலின், இவை 36 நாழிகையும் 24 நாழிகையும் ஆம். இவ்விகிதம் வடக்கே ஏறக்குறைய 35 பாகை அகலக்கோட்டில் உள்ள நிலத்திற்குப் பொருந்துவது. சென்னையிலோ நீண்ட பகல் 32 நாழிகையைச் சற்றே கடக்கும். குறுகிய பகலும் 28 நாழிகைக்குக் குறைவதில்லை. ஆகவே ஓரிடத்திற்கு வகுத்த கணக்கை மற்றோரிடத்திற்கு அவ்வாறே கொள்ளலாகாது. இவ்வுண்மை பின்னர் வேண்டப்படும்.

பொறிக்கடிகை

ஐரோப்பாவில் 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எடையால் இயங்கும் பொறிக்கடிகைகள் தோன்றின. துறவிகள் தத்தம் வேளைகளில் தொழுகைக்கு எழுதல் வேண்டுமென்பதே அவற்றின் முதற் பயன். இங்கிலாந்தில் சாலிசுபரித் தேவாலயத்தில் 1386-ஆம் ஆண்டளவினதாகக் கருதப்படுங் கடிகை இன்றும் உளது. அதற்கு முகமும் இல்லை, முள்ளும் இல்லை. மணி அடித்தல் ஒன்றே அதன் தொழில். ஆங்கிலர் கடிகையைக் குறிக்க வழங்குஞ் சொல்லே இலத்தீனில் மணியைக் குறித்த சொல்லினின்றும் வந்தது. நாமும் பொழுதின் அளவை மணி என்றே வழங்குகின்றோம். இரு நாட்டினர்க்கும் காலம் முதலிற் செவிவழியே புகுந்தது போலும்.

அப்பொறிகள் நாளொன்றுக்குக் கால்மணி அளவேனும் பிழைபட்டன. 1656-இல் ஒல்லாந்து நாட்டு ஹைகன்ஸ் ஊசற்கடிகையை இயற்றியபின் அப்பிழை சில நொடிகளாகக் குறைந்தது. ஊசலின் நீளமே அதன் ஆட்டத்தின் காலத்தை வரையறுப்பது. ஆட்டம் சிறிது பெருகினும் சுருங்கினும் காலம் பெரிதும் மாறாது என்பதே அதன் அடிப்படை. கப்பலிற் செல்வோர் தாம் நிற்கும் நெடுங்கோட்டை அறிய, அசையுங் கலத்திலும் பிழையாத கடிகை வேண்டியிருந்தது. ஆங்கிலத் தச்சர் ஜான் ஹாரிசன் பல்லாண்டு உழைத்து 1759-இல் அத்தகைய கடிகை ஒன்றை முடித்தார். 1927-இல் படிகக் கடிகையும், 1955-இல் சீசியம் அணுவின் அதிர்வாற் பொழுதளக்குங் கடிகையும் வந்தன. 1967 முதல் ஒரு நொடி என்பது அவ்வணுவின் கதிர் 9,192,631,770 முறை அதிருங் காலமென வரையறுக்கப்பட்டது.

இஃது எவ்வளவு நுண்ணிய அளவையாயினும், நிலவுலகம் அதற்கு அடங்கிச் சுழல்வதில்லை. ஆதலின் 1972 முதல் 2016 வரை 27 முறை ஒரு நொடி கூட்டிக் கடிகையைப் பகலவனொடு பொருத்தினர். 2022-இல் கூடிய அனைத்துநாட்டு அளவை மாநாடு, 2035-க்குள் இவ்விரண்டிற்கும் இடையே ஒப்பிய வேற்றுமையைப் பெருக்கிக்கொள்ளலாமென முடிவு செய்தது. கதிரவனை முற்றும் பின்பற்றுதலை அளவையாளரும் சிறிது நெகிழ விடுகின்றனர் என்பது இதன் பொருள்.

சென்னை நேரம்

நம் நாட்டிற் பொறிக்கடிகையின் ஆட்சி நிலைபெற்ற வரலாற்றில் சென்னைக்குத் தனியிடம் உண்டு. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் எழுந்தது. கருவியைத் தாங்கிய கருங்கற்றூண் தமிழ் உட்படப் பல மொழிகளிற் பொறித்த எழுத்துக்களுடன் அங்கு உள்ளது. சென்னை நேரம் கிரீனிச்சு நேரத்திற்கு 5 மணி 21 நிமிடம் முற்பட்டது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருப்புப்பாதைகள் பலவும் அதனையே தமக்கு நேரமாகக் கொண்டன. அவ்வானாய்வகத்திற் பணிபுரிந்த சிந்தாமணி இரகுநாதாசாரியார், 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றனைக் கண்டவர்; கண்ணாரக் காணும் நிலையொடு பஞ்சாங்கக் கணக்கு ஒத்தல் வேண்டுமெனத் திருக்கணித முறையிற் பஞ்சாங்கம் வெளியிட்டவர். புதுக்கருவியையும் பழங்கணக்கையும் ஒருசேரப் போற்றிய அவர் நெறி நம்மனோர்க்கு எடுத்துக்காட்டாதற்குரியது.

1906-ஆம் ஆண்டு சனவரி முதல்நாள் முதல், 82½ பாகை நெடுங்கோட்டின் நேரம் இந்தியாவுக்குப் பொதுநேரமாயிற்று. அதற்குச் சென்னை 9 நிமிடம் பிற்பட்டது. இலங்கையில் நிகழ்ந்தது இன்னும் வியப்பானது. 1996-ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நாட்டு அரசு கடிகையை ஒரு மணி முன்னே தள்ளியது. அவ்வாண்டு அக்டோபரில் அரைமணி பின்வாங்கியது. 2006 ஏப்பிரலில் எஞ்சிய அரைமணியையும் விட்டுப் பழைய நிலைக்கு மீண்டது. முதலாணையின்படி நோக்கின், யாழ்ப்பாணத்து உச்சிப்பொழுது கடிகையில் 1 மணி 10 நிமிடத்தை அடுத்தே நிகழ்வதாயிற்று. கதிரவன் அசைந்திலன்; ஆணையே அசைந்தது.

பூசைக்காலம்

இனி, இவ்வரலாறு நம் திருக்கோயில்களுக்கு எவ்வாறு பொருந்துமென்பதை நோக்குவாம். உதயம், உச்சி, அத்தமனம், அர்த்தயாமம் என்னும் பூசைக்காலங்கள் பகலவனைக்கொண்டு வகுக்கப்பட்டன. இக்காலத்து அவை பெரும்பாலும் சுவர்க்கடிகையின் எண்களாகவே அறிவிப்புப் பலகையில் எழுதப்படுகின்றன. சென்னையில் உண்மை உச்சி, நவம்பர்த் தொடக்கத்தில் 11 மணி 53 நிமிடத்தை அடுத்தும், பிப்ரவரி நடுவில் 12 மணி 23 நிமிடத்தை அடுத்தும் நிகழும். இடையே ஒரு நாழிகைக்கு மேற்பட்ட வேற்றுமை உண்டு. மாசி மாதத்து மகாசிவராத்திரியில் கடிகை பன்னிரண்டு அடித்து ஏறக்குறைய 20 நிமிடங் கழிந்தே உண்மை நள்ளிரவு எய்தும்.

பிரதோடத்தை நோக்குக. அத்தமனத்திற்கு முன் 3¾ நாழிகையும் பின் 3¾ நாழிகையும் பிரதோட காலமென்பது மரபு. அத்தமனம் 6 மணியெனக் கொண்டு 4½ மணி முதல் 6 மணி வரை என வரையறுத்துவிட்டனர். சென்னையில் நவம்பர் இறுதியில் அத்தமனம் 5 மணி 39 நிமிடத்தை ஒட்டியது. ஆகவே பிரதோடம் 4 மணி 9 நிமிடத்திலேயே தொடங்கும். சூலைத் தொடக்கத்தில் அத்தமனம் 6 மணி 39 நிமிடத்தை ஒட்டியது; பிரதோடம் 5 மணி 9 நிமிடத்திற்றான் தொடங்கும். முன்னதில் 4½ மணிக்குத் தொடங்கும் வழிபாடு காலத்துள்ளேயே அடங்கும். பின்னதில் அது காலம் பிறப்பதற்கு 39 நிமிடம் முன்னரே தொடங்கி, கதிரவன் மறைதற்கு 39 நிமிடம் முன்னரே முடிந்துவிடும். பொழுதைப் போற்றவேண்டி வந்த அன்பர், அப்பொழுதின் பெரும்பகுதி எஞ்சியிருக்கவே இல்லந் திரும்புவர். வேதாங்க சோதிடத்தின் கணக்கைத் தென்னாட்டிற்கு அவ்வாறே கொண்டாற் போன்றதே இதுவும்.

அற்றேல், அலுவலகங்களும் ஊர்திகளுங் கடிகைவழி நடக்கும் இந்நாளில், நாள்தோறும் மாறும் பொழுதைக் கொள்ளுதல் எங்ஙனம் இயலுமெனின், இயலும் என்க. யாம் கடிகையை நீக்குமாறு கூறுகின்றிலேம். அதனைத் தலைவனாகக் கொள்ளாது ஏவலனாகக் கொள்ளுமாறே கூறுகின்றோம். தத்தம் ஊர்க்குரிய உதயமும் அத்தமனமும் பஞ்சாங்கங்களிற் கிடைக்கின்றன. பிரதோட நாளில் அவ்வூர் அத்தமனத்தினின்றும் ஒன்றரைமணி கழித்துத் தொடக்கத்தைப் பலகையில் எழுதுதற்கு ஒரு வரியே போதும். ஆண்டில் இருபத்துநான்கு முறையளவே செய்யவேண்டிய இவ்வெளிய பணி, பழைய நாழிகைக் கணக்கர் இரவெல்லாம் விழித்துச் செய்த பணியை நோக்க எத்துணைத்து!

கால தத்துவம்

இறுதியாக ஒன்று கூறி முடிப்பாம். கருவிகள் அளப்பது காலத்தையோ எனின், அன்று. நிழலின் நகர்ச்சி, நீரின் ஏற்றம், ஊசலின் ஆட்டம், அணுவின் அதிர்வு ஆகிய இவையே எண்ணப்படுவன. ஓர் அசைவை மற்றோர் அசைவொடு ஒத்துநோக்குதலன்றிக் காலத்தைத் தொட்டு அளந்தார் ஒருவருமிலர். சைவசித்தாந்தம் காலத்தை அசுத்த மாயையினின்றுந் தோன்றும் வித்தியாதத்துவங்களுள் ஒன்றாக வைத்து, அது சடமென நிறுவும். எல்லாத் தொழிலுங் காலத்தில் நிகழ்தலாற் காலமே கடவுள் என்பாரைச் சிவஞான சித்தியார் முதற் சூத்திரத்தில் மறுத்து, காலம் இறைவன் ஏவலால் நிற்குந் துணைக்காரணமே என்று தெளிவிக்கின்றது.

வட்டில் மூழ்கும், மூழ்கியதை அது தான் அறியாது. அறிந்து எடுத்து, நீரை ஊற்றி, மீண்டும் மிதக்கவிட்டு, எண்ணிக்கையைச் சொல்லுதற்கு ஒரு கணக்கன் வேண்டும். உவமை ஒன்றே தத்துவத்தை நிறுவிவிடாது. நிறுவிய உண்மையை மனத்திற் பதிய வைத்தற்கு இவ்வுவமை போதும். அறிவில் பொருளாகிய காலத்தை இயக்கும் பேரறிவு ஒன்று உண்டு. அப்பேரறிவை வணங்குதற்கென்றே நம் முன்னோர் வட்டிலின் அருகே விழித்திருந்தனர். அவர் விழிப்பை நாம் சுவர்க்கடிகையிடம் ஒப்புவித்து உறங்கிவிடுதல் கூடாது. வரும் பிரதோடத்தன்று அன்பர்கள் கோயிலுக்குப் புறப்படுமுன் கடிகையை ஒருமுறையும், மேல்வானத்தை ஒருமுறையும் நோக்குவாராக.